வேணும் என்று சொன்ன கன்செப்டா

எங்கள் ஊர் கில்லார்டனில் கறி வாங்கப் போகிறவர்கள் கன்செப்டா ஹெனகனிடம் வாய் கொடுக்க மாட்டார்கள். ஒரு தடவை ஒருத்தர் தெரியாத்தனமாக, "என்னம்மா, ஒரே எலும்பா இருக்கே" என்று கேட்டுவிட்டார். "உனக்காக எலும்பில்லாத ஆடு ஒண்ணு வளக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு, கத்தியைத் துடைத்துக்கொண்டே அடுத்த ஆளைப் பார்த்தாள். அப்படிப்பட்ட வாய். ஆனால் தனக்கென்று ஒன்று கேட்க வேண்டும் என்றால் அந்த வாய் ஒட்டிக்கொள்ளும்.

அவளை மட்டும் சொல்லி என்ன செய்ய, எங்கள் ஊரே அப்படித்தான். யார் வீட்டுக்குப் போனாலும், டீ வேணுமா என்று கேட்டால் வேண்டாம் என்பதுதான் மரியாதை. இரண்டாவது தடவை கேட்டால், எதுக்கு உங்களுக்குச் சிரமம் என்க வேண்டும். மூன்றாவது தடவைதான், சரி, அரைக் கப் போதும் என்று உட்காருவோம். அப்புறம் மூன்று கப் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். கேட்கிறவருக்கும் இது தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும்.

ஊர் மண்டபத்தின் கூரை ஒரு புயலில் பெயர்ந்து, ஆபத்து என்று மாவட்ட சபை அதைப் பூட்டிவிட்டது. விசேஷம், துக்கம் எல்லாம் ஆற்றங்கரை ஹோட்டலுக்குப் போயின. பிறகு உக்ரைனில் சண்டை மூண்டு, தப்பி வந்தவர்களை அரசாங்கம் அந்த ஹோட்டலில் குடிவைத்தது. ஊர் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. போர்வையும் பொம்மையும் கொண்டுபோய்க் கொடுத்தது. கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஊர்க்காரர்களும் வந்தவர்களும் சேர்ந்து உட்கார எங்கே இடம் இருந்தது?

அந்தக் குளிர்காலத்தில்தான் கன்செப்டாவின் கணவர் மலக்கி போய்ச் சேர்ந்தார். எங்கள் ஊரில் சாவுக்கு வராதவன் மனுஷனே இல்லை. வந்த கூட்டத்துக்கு டீயும் சாண்ட்விச்சும் கொடுக்க இடமில்லாமல், கறிக்கடையின் பின்முற்றத்தில், கொட்டுகிற மழையில் நிறுத்திவைத்தாள். ஆளாளுக்கு, ஏதாவது வேணுமா என்று கேட்டார்கள். ஒண்ணும் வேண்டாம், நாங்க நல்லாத்தான் இருக்கோம் என்றாள். மனசு ஆறவே இல்லை அவளுக்கு. முப்பது வருஷம் ஊருக்கே கறி வெட்டிக் கொடுத்த மனுஷனை, நனைந்த ரொட்டியோடு அனுப்பிவைக்கிறோமே என்று.

அப்போது ஹோட்டலிலிருந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள், தலைக்குமேல் நாற்காலிகளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு. முன்னால் வந்தவள் பெயர் ரைசா. உக்ரைனில் கேர்சோன் பக்கத்தில் பள்ளிக்கூடச் சமையல்காரியாக இருந்தவள், மகனைச் சண்டைக்கு விட்டுவிட்டு வந்தவள். கன்செப்டா வழக்கம்போல வேண்டாம் என்றாள்.

"உங்களுக்கு இல்ல. அந்தத் தாத்தாவுக்கு. கால் நடுங்குது பாருங்க" என்று சொல்லிவிட்டு ரைசா நாற்காலியைப் போட்டாள். தார்ப்பாயையும் கட்டிவிட்டுத்தான் போனார்கள்.

மறுவாரமே ரைசாவைக் கன்செப்டா வீட்டுக்குக் கூப்பிட்டாள். டீ வேணுமா என்றாள். "வேணும். மூணு சர்க்கரை" என்றாள் ரைசா, முதல் தடவையிலேயே. கன்செப்டா ஆடிப்போய்விட்டாள். இப்படியும் ஒரு பிறவியா! அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

அடுத்த கோடையில் ஒரு நல்ல சேதி வந்தது. அகதிகளுக்கு இடம் கொடுத்த ஊர்களில் பொது வசதிகள் செய்துகொள்ள அரசாங்கம் மானியம் தருகிறதாம். மண்டபக் கமிட்டிக்குத் தலைவி கன்செப்டா, பொருளாளர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஃபின்டன் ஸ்கல்லி. மண்டபத்தைப் பார்க்க மாவட்ட சபையிலிருந்து யோஸ்ட் என்ற ஒரு பொறியாளர் வந்தார். ஹாலந்துக்காரர், நல்ல பிள்ளை, நம் பக்கத்துக்குப் புதிது.

கூரை எப்படி என்று கேட்டார். கொஞ்சம் ஒழுகும், பெரிசா ஒண்ணுமில்ல என்றார் ஃபின்டன், தலைக்குமேல் வானம் தெரிய நின்றுகொண்டு. அடுப்படி வேணுமா என்றார். எதுக்கு உங்களுக்குச் சிரமம், இருக்கிறதே போதும் என்றாள் கன்செப்டா. குளிருக்கு? பழகிப்போச்சு என்றார்கள். யோஸ்ட் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். அவருக்கு டீ வேணுமா என்று மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். அதில் கமிட்டிக்கு ஒரே மனவருத்தம்.

முடிவு வந்தது. கில்லார்டனுக்கு ஆற்றோரம் ஒரு பெஞ்சும் ஒரு பெயர்ப்பலகையும். மண்டபத்துக்குத் தேவை எதுவும் இல்லையாம்.

"ஒரே தடவை கேட்டுட்டுப் போயிட்டான்!" என்று கன்செப்டா கத்தியை ஓங்கிப் போட்டதில் கட்டையே அதிர்ந்தது. கடையில் நின்ற எல்லாருக்கும் அந்த அநியாயம் புரிந்தது. ரைசாவுக்கு மட்டும் புரியவில்லை.

"அவர் கேட்டார். நீங்க வேண்டாம்னு சொன்னீங்க. அவர் மேல என்ன தப்பு?"

கன்செப்டா எப்படி விளக்குவாள்? முகத்தைத் திருப்பிக்கொண்டு கறியை வெட்டினாள். ரைசா விடவில்லை.

"எங்க பிள்ளைங்க ஹோட்டல் படிக்கட்டுல உக்காந்து படிக்குது. எனக்கு அந்த மண்டபம் வேணும். உனக்கு வேணுமா, வேணாமா?"

கன்செப்டாவின் கண், மலக்கியின் சாவுக்கு வந்தவர்கள் நனைந்து நின்ற பின்முற்றத்தின் கதவில் நின்றது.

முடிவை உறுதி செய்யும் கூட்டம் மாவட்டத் தலைநகரில் நடந்தது. இந்த வருஷம் விட்டால் மண்டபத்தை இடித்துவிடுவதாகப் பேச்சு. கன்செப்டா மாதா கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். பக்கத்தில் ஃபின்டன், பின்வரிசையில் ரைசா. கில்லார்டன் முறை வந்ததும் யோஸ்ட் எழுந்து, நான் நேரில் கேட்டேன், அவர்களே வேண்டாம் என்றார்கள் என்று நடந்ததை நடந்தபடி சொன்னார்.

கன்செப்டா எழுந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி பொய் சொல்லல. நான்தான் பொய் சொன்னேன். எங்களுக்குக் கேக்க வெக்கம், அதான். என் வீட்டுக்காரர் சாவுக்கு வந்த சனத்தை மழையில நிறுத்தி வச்சேன். அன்னைக்கும் ஒண்ணும் வேணாம்னேன். மண்டபம் வேணும். எங்களுக்கு ரொம்ப வேணும்."

ஃபின்டன் கூசிப்போய்த் தரையைப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ, எல்லாம் வந்தவங்களுக்குத்தானே செய்றாங்க என்று முணுமுணுத்தார். கன்செப்டா திரும்பினாள். கறிக்கடை வாய் வந்துவிட்டது.

"வந்தவங்களாலதான்யா இந்தப் பணமே வருது. புயல்ல கூரை பறந்த அன்னைக்கு நீ எங்க இருந்த?"

சிரிப்பு எழுந்தது. யோஸ்ட் பேனாவை எடுத்து, கூரையா, அடுப்படியா, எது முக்கியம் என்று கேட்டார்.

"ரெண்டும். குளிர் காயவும் ஏதாவது வேணும்" என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. எனக்குத் தெரிந்து, எங்கள் ஊரில் இத்தனை துணிச்சலான காரியத்தை யாரும் செய்ததில்லை. மானியம் கிடைத்தது.

கூரை வேலையும் அடுப்படி வேலையும் முடிய அடுத்த இலையுதிர்காலம் ஆகிவிட்டது. திறப்பு விழாவுக்கு இசை, நடனம், கேக் என்று கன்செப்டா தடபுடலாக ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். விழாவுக்கு முந்தின திங்கட்கிழமை ரைசா கடைக்கு வந்தாள். கறி கேட்கவில்லை.

"என் மகன் ஓலெஸ் சண்டையில போயிட்டான். உடம்பு அங்கதான் இருக்கு. நான் போக முடியாது" என்றாள். "எனக்கு மண்டபம் வேணும், கன்செப்டா. ஆளுங்களும் வேணும். நிறைய ஆளுங்க."

கன்செப்டா ஏப்ரனைக் கழற்றினாள். கடையைச் சாத்தினாள். வீடு வீடாகப் போனாள், எந்த வீட்டிலும் டீ குடிக்காமல்.

புதன்கிழமை மண்டபம் திறந்தது. இசை இல்லை. மேடையில் ஓலெஸின் படம், பக்கத்தில் நாற்காலியில் ரைசா. வரிசை வாசலைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, ஆற்றுப் பாலம்வரை நின்றது. அந்தப் பையனை ஒருத்தரும் பார்த்ததில்லை. ஆனாலும் எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவராக வந்து ரைசாவின் கையைப் பிடித்து, உங்க துக்கத்துல நாங்களும் இருக்கோம் என்று சொல்லிப் போனார்கள். யோஸ்டும் வந்தார். முணுமுணுத்த ஆளும் வந்தார். ரைசாவின் ஊர்ப்பெண்கள் புது அடுப்பில் கோதுமையும் தேனும் கலந்த சாவுச்சோறு கிண்டினார்கள். கில்லார்டன் பெண்கள் சாண்ட்விச் வெட்டினார்கள். வெளியே மழை சாத்து சாத்து என்று சாத்தியது. உள்ளே ஒருத்தர்மேலும் ஒரு சொட்டு விழவில்லை.

கன்செப்டா அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தாள். கூட்டம் குறைந்ததும் ரைசா பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். கன்செப்டா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. மலக்கி செத்த நாளில் வராத அழுகை. துக்கத்துக்கு உரியவளே அவள் முதுகைத் தடவிக்கொடுக்க, வரிசையில் மிச்சம் இருந்தவர்கள் அவர்கள் இருவர் கையையும் பிடித்துவிட்டுப் போனார்கள்.