வன்னியம்பட்டியில் ஒரு பச்சைப் புள்ளி

இரண்டு வருடங்களுக்கு முன், ஆனி முடிந்து ஆடி பிறக்கிற சமயம். இராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் நான் சமூக அறிவியல் டீச்சர். பஞ்சாலைச் சுவரை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் அந்த மில்லில்தான் வேலை பார்த்தார். இதை முதலிலேயே ஏன் சொல்கிறேன் என்றால், நான் பண்ணிய கூத்துக்கு அந்தப் பெருமைதான் காரணம்.

விருதுநகரில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளி டீச்சர் ஒருவர் எனக்குப் பக்கத்து நாற்காலி. திரும்பும்போது செங்கோட்டை ரயிலிலும் பக்கத்து இருக்கை. இரண்டு பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து நம்ம வட்டார வரலாற்றை ஒரே இணைய மேப்பில் பதிந்தால் எப்படி இருக்கும் என்று நான்தான் ஆரம்பித்தேன். வண்டி சிவகாசியைத் தாண்டுவதற்குள் பாதித் திட்டம் தயார். அவர் நிதானம், நான் அவசரம். நான் பேசப் பேச அவர் பயிற்சி நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது தெரியாமல் அடித்துப் பிடித்து இறங்கினார்.

நான்கு வாரத் திட்டம். கோபுரமும் தேரும், தெப்பக்குளம், முதல் பஞ்சாலை, பேண்டேஜ் துணித் தறிகள் என்று வாரத்துக்கு ஒரு தலைப்பு. வண்ணம் வண்ணமாக அட்டவணை போட்டு வைத்திருந்தேன். முதல் வாரம் இரண்டு வகுப்பையும் வீடியோ காலில் இணைத்து, பெரிய திரையில் அதைக் காட்டினேன். என் வகுப்பு வாயாடி ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், இதெல்லாம் நெட்லயே கெடக்கே. நாங்க எதைக் கண்டுபிடிக்க?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அட்டவணையை மறுபடி விளக்க ஆரம்பித்தபோது மணி மூன்று. மில்லில் ஷிப்ட் மாறுகிற சங்கு ஊதியது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை, தினமும் கேட்பதுதானே. ஆனால் திரையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பிள்ளைகள் பதறிவிட்டார்கள். "என்ன சத்தம் டீச்சர்? ஆம்புலன்ஸா? யாருக்கும் ஏதும் ஆயிருச்சா?"

என் வகுப்பே சிரித்தது. "மூணு மணி சங்கு! ஒங்களுக்குக் கேக்காதா?"

"எங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

"எங்க மாமா சோழபுரத்துல கேக்கும்னு சொல்லுவாக!"

"சும்மா அளக்காத!"

இரண்டு ஊரும் திரையில் சண்டை போட ஆரம்பித்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் டீச்சர் மெல்லக் கேட்டார், "ஏன் டீச்சர், இதையே எடுத்துக்கிட்டா என்ன? சங்கு எதுவரைக்கும் கேட்டுச்சுன்னு ஒரு மேப்பு?" என் அட்டவணை அப்படியே ஓரத்துக்குப் போனது. வருத்தமே இல்லை! அத்தனை வருட வேலையில் பிள்ளைகள் மணி அடித்த பிறகும் வகுப்பை விட்டுப் போகாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

திட்டத்தை அவர்களே போட்டார்கள். ஒவ்வொருவரும் தன் தெருவில், தன் ஊரில் விசாரிக்க வேண்டும். சங்கு கேட்கும் என்றால் மேப்பில் அந்த இடத்தில் பச்சைப் புள்ளி, கேட்காது என்றால் சிவப்பு. புள்ளியைத் தொட்டால் சொன்னவர் குரல் கேட்க வேண்டும், ஒரு நிமிடத்துக்குள். அந்தச் சங்கை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்றும் கேட்க வேண்டும். கடைசியாக ஒரு விதி: அடுத்தவர் போட்ட புள்ளியை அவரைக் கேட்காமல் யாரும் எடுக்கக்கூடாது. இந்த விதியைக் கரும்பலகையில் எழுதியது நான்தான்.

பத்தே நாளில் மேப் நிறைந்துவிட்டது. சங்கு ஊதியதும் உலை வைத்தவர்கள், பால் கறந்தவர்கள், பெண் பார்க்கப் போன இடத்தில் சங்கு ஊதியதும் சகுனம் நல்லது என்று அங்கேயே சம்மதம் சொன்னவர் ஒருவர். ஆசிரியர் அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நிறைவு நாளில் இரண்டு பள்ளியிலும் பெற்றோரை அழைத்து வீடியோ காலில் மேப்பைக் காட்டுவதாக ஏற்பாடு. அன்று காலை கடைசியாக ஒரு முறை மேப்பைச் சரிபார்த்தேன். இராஜபாளையத்தைச் சுற்றிப் பச்சை. ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்கச் சிவப்பு. ஆனால் அதையெல்லாம் விட்டு விலகி, வன்னியம்பட்டிக் காட்டுக்குள் தன்னந்தனியாக ஒரு பச்சைப் புள்ளி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கு அங்கிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண் போட்டது.

வன்னியம்பட்டியாவது, சங்காவது! அந்த மில் சுவருக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். எனக்குத் தெரியாதா அது எம்புட்டு தூரம் போகும் என்று? விரல் தவறிப் போட்டிருப்பாள், இல்லையென்றால் தன் ஊரும் மேப்பில் இருக்கட்டும் என்று அடித்துவிட்டிருப்பாள். குரல் பதிவு வேறு நான்கு நிமிடம். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அழித்துவிட்டேன். மேப் இப்போது பார்க்க நன்றாக இருந்தது.

மதியம் நிகழ்ச்சி. வந்திருந்த எல்லோருக்கும் ஒரே குஷி. ஒவ்வொரு பிள்ளையாக வந்து தன் புள்ளியைத் தொட்டுக் காட்டியது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம், அந்த வன்னியம்பட்டிப் பெண்ணின் முறை வந்தது. பக்கத்தில் அவள் அம்மா. களையெடுப்புக்குப் போகாமல், நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தார். அந்தப் பெண் மேப்பை இப்படி நகர்த்துகிறாள், அப்படி நகர்த்துகிறாள். புள்ளி இல்லை. அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "அதான் அன்னைக்கே சொன்னோம்ல, அங்கல்லாம் கேக்காதுன்னு. மேப்பே தூக்கிப் போட்டுருச்சு!" சிரிப்பு.

"நான் போட்டேன் டீச்சர்," என்றாள் அவள். அழவில்லை. அவள் அம்மா திரையைப் பார்த்து, அதாவது என்னைப் பார்த்து, "எம்மக பொய் சொல்ல மாட்டா டீச்சர்," என்றார்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தனை பெற்றோர், பக்கத்தில் தலைமை ஆசிரியை. நான் சொன்னது என்ன தெரியுமா? "நெட்வொர்க் பிரச்சினைன்னு நினைக்கிறேன், அடுத்தவங்க வாங்க." எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் டீச்சர் போன் பண்ணினார். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்கிற பட்டியல் அந்த மேப்பிலேயே இருக்கும். ஆர்வக்கோளாறில் நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"நெட்வொர்க்குக்கு உங்க பேரு வச்சிருக்காங்க போல டீச்சர்," என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அந்தப் புள்ள இனி இந்த வேலைக்கு வரலைன்னுட்டா. அவ அம்மா பேசுனது என் போன்ல இருக்கு, அனுப்புறேன். செத்த நேரம் உக்காந்து கேளுங்க."

கேட்டேன். நான்கு நிமிடமும் கேட்டேன். "மேக்காத்து அடிக்கிற மாசத்துல மட்டும் கேக்கும். ஊருக்குள்ள நின்னா ஒண்ணும் கேக்காது. தோட்டத்துலதான் கேக்கும், பழகாத காதுன்னா கெழக்கோரத்து வரப்பு மேட்டுல ஏறி நிக்கணும். மூணு மணி சங்கு கேட்டா களைக்கொத்தைப் போட்டுட்டுக் கரையேறிருவோம். அன்னைக்கு மட்டும் யாரும் மணி கேக்க மாட்டோம்..." பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் பருவக்காற்றுப் படம் வரைந்து, அம்புக்குறி போட்டுப் பாடம் நடத்துகிறவள் நான். மேற்கே இராஜபாளையம், கிழக்கே வன்னியம்பட்டி, ஆடி மாதம். எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் என் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். கரும்பலகையில் நானே எழுதிய விதியைக் காட்டி, மீறியது நான்தான் என்றேன். அந்த வாயாடிதான் எழுந்தாள்.

"டீச்சர், அங்க போய்க் கேட்டுப் பாத்துட்டா என்ன?"

அடுத்த சனிக்கிழமை! மில்லில் அனுமதி வாங்கி, எங்கள் அறிவியல் டீச்சரோடு என் பிள்ளைகள் பத்துப் பேர் கேட்டில் நின்றார்கள். நான் டவுன் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து அந்த ஊர் டீச்சரின் ஸ்கூட்டியில் வன்னியம்பட்டி போனேன். காற்று எங்களை வண்டியோடு தள்ளியது. வெண்டைத் தோட்டத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பெண் வரப்பில் நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு.

"ஒம் புள்ளிய அழிச்சது நான்தான்மா. நெட்வொர்க்குன்னு சொன்னதும் பொய். தப்பு," என்றேன், அங்கிருந்த எல்லோர் காதிலும் விழும்படி.

அவள் அம்மாதான் தவித்துப் போனார். "ஐய, டீச்சரம்மா, அதுக்காக இம்புட்டு தூரம் வருவாகளா? மோர் குடிங்க மொதல்ல." மகள் அப்படி இல்லை. "கேக்கலைன்னா நானே செவப்பு வச்சுக்கிடுதேன் டீச்சர். கேட்டா நீங்கதான் பச்சை வைக்கணும்," என்றாள். சரி என்று கை நீட்டினேன். அவள் கை கொடுக்கவில்லை.

இரண்டு ஐம்பத்தைந்து. வீடியோ காலில் என் பிள்ளைகள் மில் கேட்டில் குதித்துக்கொண்டிருந்தார்கள். மேப்பில் நேர்கோடு போட்டுப் பார்த்ததில் சுமார் ஒன்பது கிலோமீட்டர். சத்தம் வந்து சேர இருபத்தேழு நொடி பக்கம் ஆகும் என்று அறிவியல் டீச்சர் கணக்குச் சொல்லியிருந்தார். சங்கு கேட்காமல் போய்விட்டால்? ஒரு முறை பொய்க்காரியாக்கிய பிள்ளையை, அவள் தோட்டத்துக்கே வந்து அவள் அம்மா முன்னால் இரண்டாவது முறையும் பொய்க்காரியாக்கிவிட்டுப் போவேனே!

மூன்று மணி. போனுக்குள் சங்கு வீறிட்டது. "அத நிப்பாட்டுங்க டீச்சர், இரைச்சல்ல எங்க கேக்க?" என்றார் அம்மா. சத்தத்தை அணைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்து மெதுவாக எண்ணினார். இருபது. இருபத்தைந்து. வெண்டை இலைகள் சலசலக்கிற சத்தம்தான். இருபத்தெட்டு. முப்பது. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

அதற்குள் நான்கைந்து பெண்கள் களைக்கொத்தை வீசிவிட்டு வரப்பை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன டீச்சர், ஊதிக்கிட்டிருக்குல்ல?" என்றாள் அந்தப் பெண். "இங்க இல்ல, இப்படி மேட்டுல ஏறி நில்லுங்க." என் தோளைப் பிடித்து மேற்கே திருப்பினாள். நான் எங்கள் தெருவில் காதைப் பிளக்கிற சங்கைத் தேடிக்கொண்டிருந்தேன். வந்ததோ நூல் மாதிரி. காற்றோடு ஏறியது, இறங்கியது, ஒரு கணம் இல்லாமல் போனது, திரும்ப வந்தது. எங்கள் மில் சங்கேதான்! பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், அதே இழுவை, அதே கடைசி முனகல்.

"கேக்குது! ஏட்டி, கேக்குதுட்டி!" என்று கத்திவிட்டேன். அடுத்த பள்ளிப் பிள்ளை, முன்பின் பழகாதவள், அவளைப் போய் ஏட்டி என்றுவிட்டேனே என்று நாக்கைக் கடித்தேன். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் டீச்சர், அந்த நிதானக்காரர், வரப்பிலேயே இரண்டு குதி குதித்தார். போனில் பார்த்தால் என் பிள்ளைகள் வாயை அசைத்துக் கத்திக்கொண்டிருக்கிறார்கள், ஒரு சத்தமும் இல்லை. நான் அணைத்ததைத் திரும்பப் போட மறந்திருந்தேன். போட்டதும் பத்துக் குரல் ஒன்றாக, "கேட்டுச்சா? கேட்டுச்சா டீச்சர்?"

அவளே பதில் சொன்னாள், "ம்... ஒங்க சங்கு எங்க ஊருக்கு வந்துட்டுப் போயிருச்சு."

வரப்பில் உட்கார்ந்து நானே பச்சைப் புள்ளியை வைத்தேன். அவள் அம்மாவின் நான்கு நிமிடப் பதிவை வெட்டாமல் அப்படியே சேர்த்தோம். அதற்குப் பிறகு அவள்தான் மேப்பில் ஒரு மாற்றம் சொன்னாள்: எந்த மாதத்தில் கேட்கும் என்றும் எழுத வேண்டும். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் மறுபடி தெருத் தெருவாகக் கிளம்பினார்கள். சிவப்பாக இருந்த புள்ளிகளில் ஆறேழு, ஆடி மாதத்துக்கு மட்டும் பச்சையாயின. எங்கள் நான்கு வார வேலை ஏழு வாரம் ஓடியது.

அன்று சங்கு கேட்டதால்தான் நான் அவளை நம்பினேன் என்பதை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. காற்று அன்று ஓய்ந்திருந்தால் எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது, தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறியிருப்பேன். அப்போதும் அவள் சொன்னது உண்மையாகத்தான் இருந்திருக்கும்.