வெள்ளச்சி ஆடிய படம்

திண்டுக்கல் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து வைத்தவர்களுக்கு சோலைமுத்து அண்ணனைத் தெரிந்திருக்கும். ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர். நான் பக்கத்து வீட்டுக்காரன். தன் குதிரை வெள்ளச்சியைக் குட்டியிலிருந்து வளர்த்து ஆட்டம் பழக்கினார். மேளச் சத்தம் காதில் விழுந்தால் போதும், அது நின்ற இடத்திலேயே முன்னங்காலைத் தூக்கி ஆடும். பிள்ளை இல்லாத வீட்டில் அவரும் அண்ணி பேச்சியம்மாளும் அதைத்தான் கொஞ்சினார்கள்.

போன வருஷம் ஏதோ ஒரு பாளையத்து ராணியின் கதையைப் படமெடுக்க வத்தலக்குண்டுப் பக்கம் வந்தார்கள். போர்க் காட்சிக்குக் குதிரை கேட்டதும் அண்ணன் பெருமையாக ஓட்டிக்கொண்டு போனார். குதிரைகள் பாய்ந்து வரும்போது போர் முரசு என்று மேளத்தைத் தட்டிவிட்டார்கள். வெள்ளச்சி நின்று ஆட ஆரம்பித்துவிட்டது. பின்னால் வந்தவை மோதியதில் கால் முறிந்து விழுந்தது. மறுநாள் செத்துப்போனது.

"நாந்தான அப்பு பழக்குனேன்" என்று சொல்லிச் சொல்லியே மனுஷன் பாதியாகிவிட்டார்.

கல்யாண வீடியோக்களில் மாப்பிள்ளை முகம்தான் தெரியும், குதிரைக்குக் காது மட்டும். வெள்ளச்சி முழுசாக ஆடுவது இந்தப் படத்தில்தான் இருக்கும் என்று, படம் வந்த அன்றே என்னையும் இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனார்.

அப்படி ஓர் அறுவையை நான் பார்த்ததில்லை. ராணி வசனம் பேசியே எதிரிகளைக் கொன்றாள். பாதிப்பேர் செல்போனை நோண்டினார்கள். கடைசியில் போர் வந்தது, வெள்ளச்சி ஆடியது.

"ஏலே, கல்யாணக் குதிரைடா!" என்று எவனோ கத்த, தியேட்டரே சிரித்தது. எழுந்து அறைந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. திரையில் வெள்ளச்சி விழுவதற்குள் அண்ணன் வெளியே போய்விட்டார்.

அதன்பிறகு தினமும் போனார். ஆடுவதைப் பார்ப்பார், விழுவதற்கு முன் எழுந்துவிடுவார். கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. பத்துப் பேராவது சேராவிட்டால் ஷோ இல்லை, நாளைக்கு வேறு படம் என்று தியேட்டர்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

அன்று வாசலில் நின்று போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டார். "வாங்கய்யா, அருமையான படம்." யாரும் நிற்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். "மொக்கைன்னு சொன்னாங்களே, நல்லாருக்குமாண்ணே?"

"கடைசில ஒரு குதிரை ஆடும்மா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல தாயி. எந்திரிச்சு வந்துரலாம்."