பேரிடர்ப் பட்டியலில் எழுதாத பெயர்

இவர் பெயரை நான் வாயால் சொல்லியே வழக்கமில்லை. அதைக் கொண்டுபோய்ப் பேரிடர்ப் பட்டியலில் எழுதுவேனா?

மலையாள நாட்டில் கரமனை ஆற்றை ஒட்டிய எங்கள் தமிழ் அக்ரகாரத்துக்குப் போன வருஷம் மழைக்கு முன்னால் வில்லேஜ் ஆபீஸிலிருந்து ஒரு பெண் அதிகாரி படிவத்தோடு வந்தாள். வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு போக வேண்டியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பு. தெரு முழுக்க ஒரே பதில், "எங்காத்துல அப்படி யாரும் இல்லை." உயிரோடு இருக்கிற மனுஷனை முன்கூட்டியே வெள்ளத்துக்கு எழுதிக் கொடுப்பது அபசகுனம் என்று எல்லோருக்கும் பயம்.

நான் முப்பது வருஷம் அரசாங்க ஆபீஸில் குப்பை கொட்டியவள். ஊரார் வியாதியெல்லாம் ஃபைலில் எழுதியிருக்கிறேன். அந்த நானும், இடுப்பெலும்பு முறிந்து இவர் உள்ளே படுத்திருக்க, வாசலில் நின்றுகொண்டு "யாரும் இல்லை" என்றேன். அந்த நேரம் பார்த்து இவர் இருமினார். அவள் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் மாவிலைத் தோரணத்தைப் பார்த்தேன்.

"போட்டோ பிடிச்சுண்டு போகத்தான் வரா" என்றது எங்கள் தெரு. "அந்தத் தெருக்காரங்க ஒத்துழைக்கறதே இல்லை" என்று வார்டு கூட்டத்தில் அதிகாரிகள் குறைப்பட்டார்களாம். இரண்டிலும் பாதி நிஜம் இருந்தது.

பிறகு மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் மத்தியானம் ஆறு கொல்லைக்குள் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி மைக் கட்டிய ஆட்டோ தெருவைச் சுற்றியது. நடக்க முடிந்தவர்கள் போனார்கள். இவரை நான் ஒருத்தியாக எப்படித் தூக்குவேன்? மீட்புக்காரர்கள் பட்டியலைப் பார்த்துத்தான் வருவார்கள். பட்டியலில் நாங்கள் இல்லை. என் அசட்டுத்தனத்தை நானே திட்டிக்கொண்டு வாசலில் நின்று அழுதேன்.

முழங்கால் தண்ணீரில் அந்த அதிகாரியே வந்தாள். பின்னால் ஸ்ட்ரெச்சரோடு நாலு பேர்.

"இவர் பேரு லிஸ்ட்ல இல்லையே" என்றேன்.

"பேரு இல்லை மாமி, வீடு உண்டு."

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த தாளைக் காட்டினாள். எங்கள் கதவு எண். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மலையாளத்தில் 'இருமல்' என்று எழுதியிருந்தது.

"அன்னைக்குக் கேட்டதை எழுதி வெச்சேன். அத்ரேயுள்ளூ, அவ்வளவுதான்" என்றாள்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் இவர் டிகாக்ஷன் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டார்.

இந்த வருஷம் அவளோடு வீடு வீடாகப் போனவள் நான்தான். ஆட்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. "உங்காத்துல எத்தனை கட்டில் தூக்கணும்?" என்றுதான் கேட்டேன். போன வருஷம் வாயை மூடிக்கொண்ட தெரு கடகடவென்று சொன்னது. நாலு கட்டில், ஒரு சாய்வு நாற்காலி. அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். எனக்கும் மனசு நிறைந்திருந்தது.

கடைசியில் எங்கள் வீடு. இவர் இப்போது கைத்தடியோடு நாலடி நடக்கிறார்.

"இங்கே என்ன எழுதட்டும், மாமி?"

உள்ளேயிருந்து இவர் வேண்டுமென்றே, தெருவுக்கே கேட்கிற மாதிரி இருமினார். நான் பேனாவை வாங்கி அவர் பெயரை முழுசாக, இனிஷியலோடு எழுதினேன்.