கல்லுக்கு அந்தப் பக்கம் விழுந்த பந்து

எங்கள் ஏரியில் தண்ணீர் வற்றி, டிராக்டர் புதையாமல் போகிற அளவுக்குத் தரை இறுகிவிட்டால் கிரிக்கெட் லீக் ஆரம்பம். இந்த வருஷம் முதல் மேட்ச் பக்கத்து ஊரோடு. கேப்டன் தேதியை ஒத்துக்கொண்ட பிறகுதான் ஊரில் கெங்கையம்மன் திருவிழா நாள் குறித்தார்கள். மேட்ச்சுக்கு இரண்டு நாள் முன்னால் பூசாரி என் வலது கையில் மஞ்சள் காப்புக் கட்டிவிட்டார்.

காப்புக் கட்டினால் தீ மிதிக்கிற வரைக்கும் காலில் செருப்பு கூடாது, மஞ்சள் துணிதான் உடுத்த வேண்டும், ஊர் எல்லையைத் தாண்டவே கூடாது. தாண்டினால் வேண்டுதல் முறிந்துபோகும்.

என் வேண்டுதல் என் மனைவிக்காக. போன மழைக்காலத்தில் காய்ச்சலில் நினைவு தப்பி வேலூரில் ஐசியூவில் கிடந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, “தாயே, இவளை வீட்டுக்கு அனுப்பு, உன் நெருப்புல இறங்குறேன்” என்றேன். அனுப்பிவைத்தாள். வாங்கிக்கொண்ட பிறகு நாம் பேச்சு மாறக் கூடாது இல்லையா.

மேட்ச்சுக்கு முந்தின நாள் கேப்டன் வீட்டுக்கு வந்தான். என்னைவிடச் சின்னவன், நான் வேலை பார்க்கிற ஷூ கம்பெனியிலேயே சூப்பர்வைசர். காப்புக்காக நான் லீவு போட்டிருந்தேன்.

“அண்ணா, பேஜாராயிடுச்சு. ஷிப்மெண்ட்டுன்னு நம்ம பசங்க பல பேருக்கு நாளைக்கும் ஷிப்ட் போட்டுட்டாங்க. உன்னையும் சேத்தாதான் பதினோரு பேரு. ஒரு ஆள் கம்மின்னாலும் இந்த வருஷம் பூரா நம்ம டீமைத் தூக்கிடுவாங்க.”

“கிரவுண்டுல எல்லைக்கல் இருக்கே.”

“பிட்ச் நம்ம பக்கம்தானே. நீ கல்லுக்கு இந்தாண்டயே நில்லு.”

ஏரி இரண்டு ஊருக்கும் பொது. நடுவில் குங்குமம் பூசின எல்லைக்கல். கிழக்கே அடித்த பந்து அதைத் தாண்டித்தான் போகும். என் மனைவி உள்ளேயிருந்து, “போய்ட்டு வாங்க, நானும் வந்து கரையில உக்காந்துக்கிறேன்” என்றாள். எனக்குக் காவல் என்று நினைத்துக்கொண்டேன்.

மஞ்சள் பனியனும் மடித்துக் கட்டிய மஞ்சள் வேட்டியுமாக வெறுங்காலோடு இறங்கினேன். தரை வெந்தது. நெருஞ்சி முள் வேறு.

“இன்னாண்ணா மஞ்ச டிரஸ்ஸு? இது டிவில வர்ற மேட்ச் இல்ல, ஊர் லீக்கு” என்றான் அவர்கள் பேட்ஸ்மேன் ஒருத்தன். கம்பெனியில் எனக்குப் பக்கத்தில் நின்று சோல் ஒட்டுகிறவன். தினமும் என் டிபன் பாக்ஸில் கை வைப்பவன். காப்பைப் பார்த்ததும் அவன் கண் எல்லைக்கல்லுக்குப் போனது.

நாங்கள் முதலில் ஆடி, சுமாரான ஸ்கோர் வைத்திருந்தோம். அவர்கள் ஆட வந்தார்கள். இரண்டாவது ஓவரிலேயே அவன் கிழக்கே தட்டினான். நான் துரத்தினேன். கையெட்டும் தூரத்தில் பந்து உருண்டது. கல் வந்ததும் நின்றுவிட்டேன். பந்து நிதானமாகக் கயிறு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

“அண்ணனுக்கு அந்தப் பக்கம் விசா இல்லடா” என்று கத்தினான். இரண்டு ஊரும் சிரித்தது. கேப்டன் சிரிக்கவில்லை. என்னை மேற்கே அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு அவர்கள் அடித்ததெல்லாம் கிழக்கேதான்.

கடைசிப் பந்து. அவர்கள் ஜெயிக்க இரண்டு ரன் வேண்டும், அந்த டிபன் பாக்ஸ்காரன்தான் பேட்டோடு நிற்கிறான். கேப்டன் கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டான்.

“அண்ணா, கல்லாண்ட வந்து நில்லு. அங்கதான் தூக்குவான். கேட்ச்சுக்கு உன்ன மாதிரி கை நம்மகிட்ட இல்ல.”

“தாண்டிப் போச்சுன்னா?”

அவன் பவுலரிடம் பந்தைக் கொடுக்கப் போய்விட்டான்.

கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். கரையில் என் மனைவி எழுந்து நிற்பது தெரிந்தது. ‘தாயே, இங்க மட்டும் வேணாம்’ என்றுதான் வேண்டினேன். பந்து அங்கேதான் வந்தது. உயரத்தில், வெயிலுக்குள் போய் மறைந்து, மறுபடி தெரிந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஓர் அடி தள்ளி விழும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பின்னாலிருந்து, “போண்ணா, போ” என்று நம் பிள்ளைகள் எல்லோருடைய குரலும். கட்டைவிரல் கல்லில் இடித்தது. அதற்கு மேல் கால் நகரவில்லை. இடது கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்து, வலது கையை நீட்டினேன். பந்து விரல் நுனியில் பட்டது. பட்டு, அந்தப் பக்கம் விழுந்தது. அவர்கள் இரண்டு ரன் ஓடிவிட்டார்கள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். கேப்டன் கல்லைத் தாண்டிப் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே நடந்தான். என் மனைவி மோர்ப் பாட்டிலை நீட்டி, “கால்ல ரத்தம் வருது” என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. கால் தாண்டவில்லை. ஆனால் கை தாண்டிவிட்டதே, அதுவும் காப்புக் கட்டின கை. வேண்டுதல் முறிந்திருந்தால் அது யார் தலையில் விடியும்? பக்கத்தில் நடந்து வந்தவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராகக் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் வேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். “கேட்ச் புடிச்சியா?” என்றார்.

“இல்ல சாமி. விரல்ல பட்டு விழுந்துடுச்சு.”

“அப்ப ஆத்தா தட்டி உட்டுட்டாடா. அந்தப் பக்கத்துலருந்து நீ ஒண்ணும் எடுத்துனு வரல. போய் வேலையப் பாரு.”

நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. என் மனைவி அங்கேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதைக் கேப்டனிடம் போன் போட்டுச் சொன்னேன்.

“ஆத்தா யார் டீம்னு கேட்டியா?” என்றான். பிறகு, “தீ மிதிக்கிறது எப்போ?”

“வர்ற வெள்ளிக்கிழமை.”

“ஞாயித்துக்கிழமை அடுத்த மேட்ச்சு. காலப் பாத்துக்கோண்ணா.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீக்குழியில் இறங்கும்போது அதன் மறுமுனையில், கால் நனைக்கப் பால் ஊற்றின பள்ளத்துக்குப் பக்கத்தில், கேப்டன் நின்றிருந்தான். நான் ஏறினதும் குனிந்து என் பாதம் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஆடலாம்” என்றான்.