ரெண்டு கொப்பு

நான்குவழிச் சாலை போடுகிறோம் என்று சாத்தூர்ப் பக்கம் சாலையோரத்து ஆவாரையை எல்லாம் இயந்திரம் வைத்து வாரி எடுத்த வருடம், அதன் நெற்றுகளைப் பொறுக்கி வந்து வீட்டுக்குப் பின்னால் விதைத்தேன். "போயும் போயும் ஆவாரஞ்செடியவா வளக்கப் போறீக?" என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். எனக்கு வேண்டியது பூ அல்ல, அதைத் தேடி வரும் கருவண்டு.

என் மனைவி பட்டாசுக் கம்பெனியில் திரி செருகும் வேலை பார்த்தவள். பக்கத்து அறையில் மருந்து வெடித்ததில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அதற்குப் பிறகு சுவரோரமாகவே உட்கார்ந்திருப்பாள். பேச்சும் குறைந்துபோனது. மல்லாங்கிணற்றுப் பக்கம் ஆடு மேய்த்த வயதில் ஆவாரங்காட்டில் வண்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே கிடந்ததை ஒரு நாள் அவளாகவே சொன்னாள். கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

விதை லேசில் முளைக்கவில்லை. கல்லில் உரசி, ஊறப்போட்டு விதைத்த பிறகுதான் கரிசலைப் பிளந்துகொண்டு வந்தது. அடுத்த வருடம் ஐப்பசி மழைக்குப் பின் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது. வண்டும் வந்தது. பூவைக் கவ்விக்கொண்டு அது உதறும்போது தையல் மிஷின் ஓடுவதுபோல இருக்கும். அவள் நாற்காலியைப் பின்வாசலில் போடச் சொன்னாள். "இந்தா, பெரியவரு வந்துட்டாரு" என்று எனக்கே சேதி சொல்ல ஆரம்பித்தாள். விபத்துக்குப் பின் அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

போகியன்று கரும்பு வாங்க நான் சாத்தூர் போயிருந்தேன். வாசலில் காப்புக் கட்ட ஆவாரம்பூ வேண்டும். சாலையோரத்தில்தான் ஒன்றும் இல்லையே. தெரு மொத்தமும் எங்கள் பின்வாசலுக்கு வந்துவிட்டது. "மதினி, காப்புக்கு ரெண்டு கொப்பு ஒடிச்சுக்கிடுறேன்" என்று எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். நல்ல நாளும் அதுவுமாக மாட்டேன் என்பாளா? மல்லிகையாக இருந்தால் எண்ணி எடுத்திருப்பார்கள். இது காட்டுச்செடிதானே, அதுவும் கண் தெரியாதவள் வீட்டில். அவள் கண்ணைத் தின்ற அந்தக் கம்பெனியின் வாசல் கேட்டுக்கும் சேர்த்து அள்ளிப் போயிருக்கிறார்கள்.

நான் வந்தபோது மொட்டைக் குச்சிகள் நின்றன. எங்கள் வாசலிலும் யாரோ ஒரு கொத்தைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். என்ன தாராள மனசு!

"ஏங்க, செடி எப்படி இருக்கு?" என்றாள்.

"ரெண்டு கொப்புதான் போயிருக்கு. மிச்சம் அப்படியே இருக்கு" என்றேன்.

பொங்கலன்று காலையில் வழக்கம்போலப் பின்வாசலில் போய் உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தபடி வெயில் ஏறும்வரை இருந்தாள். பிறகு கையை நீட்டி, உள்ளே கூட்டிப் போகச் சொன்னாள். படியேறும்போதுதான் பேசினாள்.

"நீங்களும் என்கிட்ட ரெண்டு கொப்புன்னே சொல்லிட்டீகளே."