சூட்டில் கிளம்பாத வண்டி

ரூபஸ் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே மனைவிக்காகத்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷின் முன்னால் நின்றே வயதானவர். சைக்கிளும் பஸ்ஸும் அவருக்குப் போதுமாயிருந்தன. ஜெயகுமாரிக்கு கிட்னி போய், திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் என்று ஆனபோது, ஆவடியிலிருந்து பூந்தமல்லி ஆஸ்பத்திரிவரை ஆட்டோவின் குலுக்கலை அவளால் தாங்க முடியவில்லை. ரூபஸ் வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய சிவப்புக் காரை வாங்கினார்.

அந்த வண்டியில் ஒரு கோளாறு இருந்தது. காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். ஓடிச் சூடான பிறகு அணைத்தால் மறுபடி கிளம்பாது. பெட்ரோல் நாற்றம் குப்பென்று அடிக்கும். இஞ்சின் நன்றாக ஆறினால்தான் உண்டு. ஒருமுறை வீடு திரும்பும்போது மருந்துக்கடை வாசலில் நிறுத்தி மாட்டிக்கொண்டார்கள். பிரஷர் இறங்கிப்போயிருந்த ஜெயகுமாரி அந்த வெயிலில் பின்சீட்டில் சாய்ந்தபடியே வாந்தி எடுத்தாள். அதற்கப்புறம் ரூபஸ் வழியில் எதற்கும் நிறுத்துவதில்லை.

அவள் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. பருத்திப்பட்டு ஏரி வரும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாமே என்பாள். தாகத்துக்குக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும் அவள். தண்ணீரைப் பார்க்கவாவது ஆசை. முதலில் வீடு போய்ச் சேரலாம் என்பார் ரூபஸ். அவளும் வற்புறுத்த மாட்டாள்.

பார்க்காத மெக்கானிக் இல்லை. ஒருவர் பேட்டரியை மாற்றினார், ஒருவர் பிளக்கை, இன்னொருவர் பெட்ரோல் பம்பை. ரூபஸ் காலையில் ஷெட்டில் விட்டுவிட்டு வருவார். அவர்கள் தொடும்போது வண்டி ஆறியிருக்கும், சமர்த்தாகக் கிளம்பும். சரியாகிவிட்டது என்று அனுப்பிவிடுவார்கள். டயாலிசிஸ் நாள் வந்துவிட்டால் அதற்குமேல் வண்டியை விட்டுவைக்கவும் முடியாது.

ஆஸ்பத்திரி வாட்ச்மேன்தான் சென்னீர்குப்பம் மெக்கானிக் சத்தியராஜைப் பற்றிச் சொன்னார். போனில் விவரம் கேட்ட சத்தியராஜ், ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, வழியில் அணைக்காமல் நேராக ஷெட்டுக்குள் கொண்டுவரச் சொன்னான். ரூபஸ் அன்று சர்ச்சுக்குப் போகாமல் அங்கே போனார். சத்தியராஜ் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். வயரை அசைத்துப் பார்த்தான், கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினான். திரையில் சூட்டைக் காட்டும் எண் மாறவில்லை.

"அண்ணாத்தே, இஞ்சின் கொதிக்குது. ஆனா இந்த சென்சாரு இன்னும் சில்லுனு கீதுன்னு கம்ப்யூட்டராண்ட சொல்லிக்கினு கீது. அதை நம்பி அது பெட்ரோல அள்ளி ஊத்துது. அப்பால எப்டி ஸ்டார்ட் ஆவும்?"

சூட்டோடு சென்சாரைக் கழற்றினால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சும் என்று இஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார்கள். கழற்றியது கட்டைவிரல் அளவு பித்தளைச் சாமான். ரூபஸ் அதன் திருகு மரையை நகத்தால் தடவிப் பார்த்தார். இந்த மாதிரி எத்தனையோ மரைகளை அவரே போட்டிருக்கிறார். சத்தியராஜ் புதியதை முறுக்கி, கூலன்ட் ஊற்றி, ஃபேன் சுற்றும் அளவுக்குச் சூடாகும்வரை வண்டியை ஓடவிட்டான். பிறகு அணைத்துவிட்டு டீ குடித்தார்கள். திரும்பி வந்து சாவியைத் திருப்பினார் ரூபஸ். உடனே கிளம்பியது. அங்கிருந்தே ஜெயகுமாரிக்குப் போன் போட்டு இஞ்சின் சத்தத்தைக் கேட்கவைத்தார்.

மறுநாள் டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவள் கேட்காமலேயே ஏரிக்கரையில் நிறுத்தினார். கைத்தாங்கலாக அழைத்துப்போய் பெஞ்சில் உட்காரவைத்தார். நீர்க்காகம் ஒன்று முங்கி எழுவதை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ தண்ணி கெடக்குது. எனக்கு ஒரு டம்ளர் குடுக்க உங்களுக்கு மனசு வரல, பாருங்க."

ரூபஸ் சிரித்துவிட்டார். காரில் ஏறியதும் ஒரே முயற்சியில் வண்டி கிளம்பியது. இன்னொரு தடவை அணைத்துவிட்டுப் போடச் சொன்னாள். போட்டார். குழந்தைபோலக் கையைத் தட்டினாள்.

புதன்கிழமை டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே அவளுக்குப் பிரஷர் இறங்கியது. இறங்கியது ஏறவே இல்லை. கீழே காரைத் துடைத்துக்கொண்டிருந்தவரை மேலே கூப்பிட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தாள்.

ஜெயகுமாரியை வேனில் ஏற்றினார்கள். காரை எடுத்துவர வேறு ஆள் இல்லை. நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று ரூபஸ் சொல்லிவிட்டார். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. இன்றைக்கு ஒருநாள் கிளம்பாமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது அவருக்கு. வேனின் பின்கதவைப் பார்த்தபடியே ஆவடிவரை ஓட்டினார்.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். திங்கட்கிழமை காலை, எப்போதும்போல எழுந்து குளித்து அவளுடைய பையைக் கையில் எடுத்த பிறகுதான் ரூபஸுக்கு நினைவு வந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்போலிருக்கிறது. பெட் காலியாக இருக்கிறது, பேஷன்ட்டை ஏன் இன்னும் கூட்டிவரவில்லை என்று கேட்டாள்.

"அவங்க இனிமே வர மாட்டாங்கம்மா. அந்த டைமை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. ஸாரி சார், ஸாரி சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பரவாயில்லைம்மா என்று ரூபஸ்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

பையைத் திறந்து, அவள் அங்கே குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் போர்வையை எடுத்தார். முகத்தில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி மருந்து வாசனைதான் அடித்தது. எங்கேயாவது ஓரத்தில் அவள் வாசனை இருக்கும் என்று ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.