தேசம்மாவின் கையும் எண்ணூர் ஆறும்

1. பிளாஸ்டிக் கவர்

"அண்ணா, கம்பிகிட்ட சீ வெச்சிக்கினு கீதுண்ணா. தொட்டா நெருப்பாட்டம் சுடுது."

ராயபுரத்தில் செயற்கைக் கை, கால் செய்யும் சென்டரில் நான் சீனியர் டெக்னீஷியன். காலையில் போனை எடுத்ததும் தேசம்மா சொன்னது இதுதான். "அங்கியே இரு, ஆட்டோ புடிச்சி வரேன்" என்று கிளம்பிவிட்டேன்.

தேசம்மா எண்ணூர்க்காரி. கன்டெய்னர் லாரி ஷேர் ஆட்டோவை இடித்ததில் வலது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. முதலில் நான்தான் அவளுக்கு சாக்கெட் கை செய்தேன். சாக்கெட் என்பது மிச்சக் கையின்மேல் மாட்டும் கிண்ணம். நம்ம ஊர் வெயிலில் உள்ளே வேர்த்து வழுக்கும், உரசிப் புண்ணாகும். நான்கு நாள் போட்டுவிட்டு ஆணியில் மாட்டிவிட்டாள். "இது கை இல்லண்ணா, பொம்ம" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது சரி.

அப்புறம்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சித் திட்டம் வந்தது. மேல்கை எலும்புக்குள் டைட்டானியம் கம்பி. அதன் நுனி தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும். அதில் கையைப் பூட்டிக்கொள்ளலாம், கழற்றலாம். நரம்பில் ஒயர் வைத்திருப்பதால், மூடு என்று நினைத்தால் விரல் மூடும். விரல்நுனியில் படும் அழுத்தம் நரம்புக்குத் திரும்பப் போகும். தொட்டால் தெரியும்! முப்பது வருஷ சர்வீஸில் நான் செய்த எந்தக் கைக்கும் அது தெரிந்ததில்லை.

ஆபத்தையும் சர்ஜன் மறைக்கவில்லை. "கம்பி வெளிய வர்ற இடத்துல தோல் எப்பவும் முழுசா மூடாது தேசம்மா. அழுக்கு போச்சுன்னா எலும்பு வரைக்கும் போகும். அப்புறம் கம்பிய எடுக்கணும், கொஞ்சம் எலும்பும் சேர்ந்து போகும்" என்று சொல்லித்தான் ஆபரேஷன் செய்தார்.

2. பறி

பயிற்சியில் அவளைப் போல நான் யாரையும் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விரலில் அகப்படுவது ஸ்பாஞ்சா மரக்கட்டையா என்று சொல்லிவிடுவாள். அந்த நேரம் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொள்வாள். வெட்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

சீழ் வைத்த அன்று ஆஸ்பத்திரியில்தான் விஷயம் வெளியே வந்தது. தேசம்மா ஆற்றில் இறங்கி இறால் தடவுகிறவள். வலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குந்தி, ஓலையில் முடைந்த பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் இரண்டு கையாலும் தடவிப் பிடிக்க வேண்டும். விபத்துக்கு அப்புறமும் ஒற்றைக் கையோடு இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

சர்ஜன் தலையில் கை வைத்துக்கொண்டார். "தண்ணி ஆகாதுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"கைக்குதான சார் ஆவாது? கைய கழட்டி, துணில சுத்தி, பீரோல வெச்சி பூட்டிட்டுதான் போனேன். கம்பிக்குக் கூட கவர் போட்டு ரப்பர் பேண்டு கட்னேன்."

விலை உயர்ந்த பொருளைப் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு, தன் உடம்பை மட்டும் அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் மிதக்கிற தண்ணீருக்குள் கூட்டிப்போயிருக்கிறாள். ஏழை வீட்டில் வேறு எப்படி யோசிப்பார்கள்?

நல்ல வேளை, சீழ் எலும்புக்குப் போகவில்லை. மருந்தில் அடங்கியது. ஆனால் சர்ஜன் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஆறு வேணும்னா கம்பிய இப்பவே எடுத்துடலாம். கம்பி வேணும்னா இனிமே ஆத்துல இறங்கக் கூடாது. அடுத்த செக்கப்புக்குள்ள யோசிச்சி சொல்லு."

"எட்த்துட்டா தொட்டா தெரியாதுல்ல?" என்று என்னிடம் கேட்டாள்.

"தெரியாதும்மா."

3. செக்கப்

செக்கப்புக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தாள். உப்புத் தண்ணீரில் உயிர் இறால். கூடத் தடவும் பெண்கள் பிடித்துக் கொடுத்தது. "ஒரு தபா இந்தக் கையால புட்ச்சிப் பாத்துட்டு முடிவு சொல்றேன் சார்" என்றாள்.

இந்தக் கையைச் செய்த குழுவிலிருந்து வந்திருந்த இன்ஜினீயர் பதறினார். "மேடம், உள்ள சென்சார் இருக்கு!" நான் நீளமான ரப்பர் கையுறையை எடுத்து அந்தக் கைக்கு மாட்டினேன். கம்பி இருக்கும் இடம் எங்கோ மேலே, அதுவரை தண்ணீர் எட்டாது. சர்ஜன் தலையசைத்தார்.

கண்ணை மூடினாள். முந்தானையைக் கடித்தாள். விரல்கள் டப்பாவின் அடியில் மெதுவாக நகர்ந்தன. இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை விரல் மூடியது. மூடியதும் முந்தானை வாயிலிருந்து விழுந்தது.

"துள்ளுதுண்ணா! உள்ள துள்ளுது!"

சிரித்தாள், அழுதாள். இன்ஜினீயரும் மூக்கை உறிஞ்சினார். கொஞ்ச நேரம் கழித்து, "இது போதுமா தேசம்மா?" என்று கேட்டேன்.

"பத்தாதுண்ணா. ஆறு ஆறுதான். ஆனா கம்பி இர்க்கட்டும்."

இப்போது அவள் எண்ணூர் மார்க்கெட்டில் இறால் விற்கிறாள். கூறு கட்டுவது புதுக் கையால்தான்.

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அளவெடுக்க டேப்பை எடுப்பதற்கு முன்னால், வந்தவர் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். தேசம்மாவுக்கு அப்புறம் நான் அப்படித்தான் செய்கிறேன். எந்தக் கையும் எல்லா இடத்துக்கும் கூட வராது. எங்கே வராது என்பதைக் கம்பி ஏறுவதற்கு முன்பே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.